ஊர் போர்வெல்லுக்குப் பத்திரம் இருக்கிறதா?

கேள்வி: நான் திருச்சி மாவட்டம் மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழுத் தலைவி. ஊராட்சியின் குடிநீர்க் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் குக்கிராமத்தில் 210 வீடு, சுமார் 850 பேர். 30,000 லிட்டர் ஓவர்ஹெட் டேங்க் ஒன்று, 450 அடி போர் ஒன்று. மழைக்காலத்தில் ஐந்தரை மணி நேரத்தில் டேங்க் நிறைந்துவிடும். மாசி பிறந்தால் 40 நிமிடத்திலேயே மோட்டார் காற்று இழுக்கிறது. இரண்டு மணி நேரம் விட்டுத்தான் மறுபடி போட முடிகிறது. ஆபரேட்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போடுகிறார். காவிரி கூட்டுக் குடிநீர் நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு டேங்க் அளவுக்கு வருகிறது. எங்கள் போருக்கு 80 மீட்டர் தள்ளி ஒருவர் 800 அடிக்கு போர் போட்டு, ராத்திரியில் லாரியில் தண்ணீர் விற்கிறார். அதைத் தடுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? 1,000 அடிக்குப் புது போர் போட்டால் பிரச்சினை தீரும் என்று போர் வண்டிக்காரர் சொல்கிறார், போடலாமா? கடைசியில் இருக்கும் ஆதிதிராவிடர் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை. ஊர் நடுவில் பழைய பொதுக்கிணறு ஒன்று குப்பை விழுந்து கிடக்கிறது. (எங்கள் போர் இருக்கும் இடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. அவர் இப்போது இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக அடைப்புக்குறிக்குள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். லாரித் தண்ணீரைவிட, வரப்போகும் கோடையைவிட எனக்கு அதுதான் முதல் கவலை.

நம் கிராமங்களில் இது எங்கும் நடப்பதுதான். ஊர் மேல் அக்கறை உள்ள ஒருவர், "என் வரப்போரம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று இடம் காட்டுவார். அரசுப் பணத்தில் போர் போடுவார்கள், மோட்டார் ரூம் கட்டுவார்கள், மின் இணைப்பும் வந்துவிடும். பத்திரம் மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் அது குறையாகத் தெரியாது. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும், பிறகு பிள்ளைகள் பெயருக்கு மாறும், பிறகு ஒருநாள் விற்பனைக்கு வரும்.

வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இரண்டு விஷயம் சொல்கிறது. ஒருவர் கொடுத்த அனுமதியை நம்பி, செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அந்த அனுமதியை அவர் திரும்பப் பெற முடியாது. இது 60-வது பிரிவு, உங்களுக்குச் சாதகமானது. ஆனால் அதற்கு முந்தைய 59-வது பிரிவு, நிலத்தை வாங்குகிற புதிய ஆளை அந்தப் பழைய அனுமதி தானாகக் கட்டுப்படுத்தாது என்கிறது. பெரியவரின் பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்கள் அந்த நிலத்தைப் பக்கத்து லாரிக்காரருக்கே விற்றுவிட்டால்? 850 பேரின் தண்ணீர் அன்றைக்கே வழக்காகிவிடும். வழக்கு முடியும்வரை மோட்டார் ரூம் சாவி யார் கையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதல் வேலை இது. கிராம நிர்வாக அலுவலரிடம் போர் இருக்கும் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடும் சிட்டாவும் பாருங்கள். சில சமயம் நல்ல செய்தியும் வரும்: தனியார் நிலம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த இடம் அளந்தால் புறம்போக்காக இருக்கும். தனியார் பட்டாதான் என்றால் வாரிசுகளைப் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று சென்ட் போதும். போர், மோட்டார் ரூம், அங்கே போகும் பாதை, குழாய் போகும் வழி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், வரைபடத்தோடு இருக்க வேண்டும். ஊராட்சி பெயரில் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அசையாச் சொத்தின் தானம் பதிவு இல்லாமல் செல்லாது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த மகள்களையும் சேர்த்து. தானமாகத் தர மனமில்லை என்றால் கிரயமோ நீண்டகாலக் குத்தகையோ கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதையும் பதிவு செய்தே ஆக வேண்டும். பெரியவரின் பெயரை மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். அவர் செய்தது பெரிய காரியம், அவர் பிள்ளைகளுக்கும் அது பெருமை.

அது முடியும்வரை ஊராட்சி அலுவலகத்தில் பழைய காகிதங்களைத் தேடுங்கள்: போர் போட்ட ஆண்டின் தீர்மானம், எஸ்டிமேட், அளவுப் புத்தகம், ஊராட்சி பெயரில் மின் இணைப்பு வந்த தேதி. நாளைக்கு 60-வது பிரிவைப் பேச வேண்டி வந்தால் இவைதான் சாட்சி. நகல் எடுத்துக் குழுவிடம் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். நீங்கள் கடிதத்தில் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். நம்பிக்கை தருகிற கணக்குதான்.

ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 850 பேருக்கு 46,750 லிட்டர். மழைக்காலத்தில் 30,000 லிட்டர் டேங்க் ஐந்தரை மணி நேரத்தில் நிறைகிறது என்றால், மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 லிட்டர் தள்ளுகிறது. கோடையில் 40 நிமிடம் ஓடினால் 3,600 லிட்டர். காலை, மாலை இரண்டு வேளைக்கு 7,200. காவிரித் தண்ணீரை நாலு நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு 7,500. ஆக மொத்தம் 14,700 லிட்டர், ஆளுக்குப் பதினேழு லிட்டர்தான். கோடையில் நீங்கள் படுகிற பாடு இந்த எண்ணிலேயே தெரிகிறது.

ஆனால் போர் இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஊறிவிடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். 40 நிமிட ஓட்டம், இரண்டு மணி நேர ஓய்வு என்றால் ஒரு சுற்றுக்கு 160 நிமிடம். 24 மணி நேரத்தில் ஒன்பது சுற்று. 32,400 லிட்டர்! இப்போது அதில் இரண்டு சுற்றைத்தான் எடுக்கிறீர்கள். மீதி ஏழு சுற்றுத் தண்ணீர் பாறை வெடிப்புகளிலேயே நின்றுவிடுகிறது, அல்லது பக்கத்து போருக்குப் போகிறது.

ஏன் இப்படி? உங்கள் பக்கம் முழுக்கக் கடினப் பாறை. மேலே கொஞ்ச ஆழத்துக்குச் சிதைந்த பாறை, அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்புகள். தண்ணீர் இருப்பது அந்த இரண்டில்தான். போருக்குள் நிற்கும் தண்ணீர் மிகக் குறைவு. ஆறரை அங்குலக் குழியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 21 லிட்டர்தான் பிடிக்கும், 100 மீட்டர் நின்றாலும் 2,100 லிட்டர். வெடிப்பிலிருந்து நிமிடத்துக்கு இருபது முப்பது லிட்டர் கசிகிற இடத்தில் 90 லிட்டர் இழுக்கும் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வரும். அதைப் பார்த்து "போர் வற்றிவிட்டது" என்று ஊர் சொல்கிறது. அது வற்றவில்லை. மெதுவாகக் கொடுக்கிறது.

மெதுவாகக் கொடுப்பதை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் ஸ்டார்ட்டரைப் போட யாராலும் முடியாது. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு டைமரும், காற்று இழுத்தால் தானாக நிறுத்திவிடும் ட்ரை ரன் ரிலேயும், டேங்க் நிறைந்தால் நிறுத்தும் மிதவை ஸ்விட்ச்சும் பொருத்துங்கள். பஞ்சாயத்து எலெக்ட்ரீஷியனே செய்துவிடுவார். காற்று இழுத்தபடி ஓடி மோட்டார் காயல் எரிவதும் இதோடு நிற்கும். அடுத்த முறை மோட்டார் மாற்ற வேண்டி வந்தால், நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் சிறிய மோட்டாராகப் போடச் சொல்லி உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். அது இருபது மணி நேரம் நிதானமாக ஓடும். பெரிய மோட்டார்தான் நிறையத் தண்ணீர் தரும் என்று ஊரில் நினைப்பார்கள், எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

32,400 என்பது காகிதக் கணக்கு. ஒன்பது முறை எடுக்கும்போது ஊறும் நேரம் நீளும், சித்திரையில் இன்னும் நீளும். நான் 25,000 என்றே வைத்துக்கொள்வேன். காவிரியோடு சேர்த்து 32,500, ஆளுக்கு 38 லிட்டர். 55 இல்லைதான். ஆனால் பதினேழிலிருந்து முப்பத்தெட்டு என்பது ஒரு வீட்டுக்கு என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காவிரித் தண்ணீரைப் பற்றி ஒரு யோசனை. கிராமங்களுக்கு முன்பு இருந்த 40 லிட்டர் அளவில், குடிக்க 3, சமைக்க 5 லிட்டர் என்றே கணக்கு வைத்திருந்தார்கள். மீதியெல்லாம் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு. உங்கள் ஊருக்கு ஆளுக்கு 8 லிட்டர் என்றால் நாளுக்கு 6,800. காவிரியில் வருவது நாளுக்கு 7,500. அதாவது ஊர் முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரே போதும்! இப்போது அதை போர்த் தண்ணீரோடு ஒரே டேங்கில் கலந்து மாடு கழுவவும் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காவிரி வருகிற அன்று போரை நிறுத்திவிட்டு, அந்த 30,000 லிட்டரைத் தனியாகத் தெருத்தெருவாக விடுங்கள். வீட்டுக்கு 140 லிட்டர், ஒன்பது குடம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அடுத்த முறை வரும்வரை தாங்கும். குடிநீருக்குத் தனிக் குடம், மூடிய பாத்திரம் என்ற பழக்கத்தை உங்கள் மகளிர் குழு எளிதாகக் கொண்டுவந்துவிடும்.

கூட்டுக் குடிநீரில் உங்கள் குக்கிராமத்துக்கு ஒதுக்கிய அளவு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். திட்டம் போடும்போதே ஒவ்வொரு குடியிருப்புக்கும் நாளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் போடுகிறார்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். தண்ணீர் இறங்கும் இடத்தில் மீட்டர் வைக்கச் சொல்லி, வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று காட்டிப் பேசும்போது அதிகாரியும் தேதி போட்டுப் பதில் சொல்வார்.

இப்போது லாரிக்கு வருகிறேன். உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை.

மேலே சொன்ன அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, தன் நிலத்துக்கு அடியில் உள்ள, வாய்க்காலாக ஓடாத நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. ஏற்றத்திலும், மாடு பூட்டிய கவலை ஏற்றத்திலும் நீர் இறைத்த காலத்துச் சட்டம். 800 அடி போரும் டேங்கர் லாரியும் அதை எழுதியவர்கள் கற்பனையில்கூட இருந்திருக்காது. மகாராஷ்டிரத்தில் 1993-இலேயே பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் வேறு கிணறு தோண்டக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். கர்நாடகத்தில் 1999-இல் அதே 500 மீட்டர். ஆந்திரத்தின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் 250 மீட்டர் என்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றினார்கள், 2013-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஊர்க் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் நம் மாநிலத்துக்கும் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். மூன்று மாநிலங்களில் எழுதிவைக்க முடிந்ததை இங்கே எழுத என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அவர் தன் வயலுக்குப் பாய்ச்சுவது வேறு, லாரியில் விற்பது வேறு. 2014-இல் வந்த பொதுப்பணித் துறை அரசாணை 142, வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வேண்டும் என்கிறது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை உறுதிசெய்தது. அனுமதியில்லாமல் வணிகத்துக்கு எடுப்பதைத் திருட்டாகக் கருதி வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. 2020-இல் தடையின்மைச் சான்று (அந்த அனுமதி) இல்லாத குடிநீர் நிறுவனங்களுக்குச் சீல் வைத்ததும், கேன் தண்ணீர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நினைவிருக்கும். ஆக, அவரிடம் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் படி. வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவுக்கும் எழுதிக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கேட்கலாம். கிராமத்தில் கிணறு தோண்டவும் ஆழப்படுத்தவும் ஊராட்சியின் அனுமதி வாங்க வேண்டும், ஊராட்சி அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. திறந்து கிடந்த போர்களில் குழந்தைகள் விழுந்து இறந்ததால் வந்த விதி அது. அவருடைய 800 அடி போர் அதற்குப் பிறகு போட்டது என்றால் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா, என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று மின்சாரம். விவசாயத்துக்கான இலவச இணைப்பில் தண்ணீர் இறைத்து லாரியில் விற்றால், அனுமதித்த காரியத்துக்கு மாறாக மின்சாரம் பயன்படுத்துவதாகும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அதற்குக் கட்டணம் போட்டு வசூலிப்பார்கள். நிலத்தடி நீரைப் பற்றி எழுதும் மனுவைவிட மின்வாரியத்துக்குப் போகும் மனு பல நேரம் சீக்கிரம் நகரும்.

ஆனால் மனு எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அவர் போர்தான் உங்கள் தண்ணீரை இழுக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. கடினப் பாறையில் 80 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு போர்களுக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கும், 300 மீட்டரில் ஒரே வெடிப்பில் இணைந்தும் இருக்கும். அளந்தால்தான் தெரியும். அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது, அதன் குழாயோடு சேர்த்து முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை மோட்டார் மட்டம்வரை கட்டி இறக்கிவிடுங்கள். இரண்டு ஒயர், மல்டிமீட்டர் ஒன்று. ஒயர் நுனியை அந்தக் குழாய் வழியாக இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் மீட்டர் அசையும். ஒயரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் ஆழம் கையிலேயே தெரிந்துவிடும். அவர் மோட்டார் ஓடும் இரவிலும் ஓடாத இரவிலும், உங்கள் மோட்டாரை நிறுத்தி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அவர் போட்டதும் உங்கள் மட்டம் இறங்கி, அவர் நிறுத்தியதும் ஏறினால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அசையவே இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரரோடு வீண் பகை இல்லாமல் போகும்.

முடிந்தால் அவரிடமே போய்ப் பேசி, ஒருநாள் நிறுத்தித் தரச் சொல்லி அளந்து பாருங்கள். வறட்சியில் தனியார் கிணற்றை ஊராட்சி வாடகைக்கு எடுத்து ஊருக்குத் தண்ணீர் விடுவது புதிதில்லை. கோடை மூன்று மாதம் அவர் போரிலிருந்து ஊருக்கு இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் ஒப்பந்தம் வந்தால், எனக்கு அது வழக்கைவிட நல்ல முடிவு. அவர் வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் அந்த டேங்கிலிருந்துதானே வருகிறது.

சட்டத்தில் ஊராட்சிக்கும் ஒரு கடமை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு, நிதிக்கு உட்பட்டுக் குடிநீர் தருவதைக் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. "நிதி இல்லை" என்பதுதான் வழக்கமான பதிலாக வரும். 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 30 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, மறுபயன்பாடு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்தப் பணம் எதற்குப் போனது, எவ்வளவு மீதி இருக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். டைமர், ரிலே, மீட்டர், வால்வு எல்லாம் அதில் அடங்குகிற சின்னச் செலவுகள்தான்.

1,000 அடி போர்: இப்போது வேண்டாம்.

பாறையில் ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறையும். அகப்பட்டால் அதிர்ஷ்டம். அகப்பட்டாலும், 300 அடியிலிருந்து தூக்குகிற தண்ணீரை 800 அடியிலிருந்து தூக்கினால் மின்சாரம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும், வருஷா வருஷம். ஆழத்துப் பாறையில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. குழந்தைகளின் பல் கறைபடும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகத் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது இந்த ஃபுளோரைடால்தான். எந்தப் போராக இருந்தாலும் தண்ணீரைச் சோதிக்காமல் டேங்கில் ஏற்ற விடாதீர்கள். ஜல் ஜீவனில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டிப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டு வற்றிய குழி என்ன ஆகும் என்பதும் முக்கியம். 2019 அக்டோபரில் உங்கள் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் கைவிட்ட போரில் விழுந்து இறந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் எல்லைக்குள் கைவிட்ட போர் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்தாயிற்றா என்று உங்கள் குழுவே இந்த மாதம் நடந்து பார்த்துவிடுங்கள். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

புது போருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை அந்தப் பழைய பொதுக்கிணற்றில் போடுங்கள். குப்பையை அள்ளி, தூர் வாரி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை போட்டு, சின்ன மோட்டாரும் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் வையுங்கள். சாக்கடையும் கழிப்பறைக் குழியும் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்று பார்த்து, சோதித்த பிறகே குடிக்கலாமா என்று முடிவு எடுங்கள். அதுவரை துவைக்க, குளிக்க, மாட்டுக்கு. இரண்டாவதாக ஒரு தண்ணீர் ஆதாரம் இருக்கிற ஊருக்கு மோட்டார் எரிந்த வாரத்தில்தான் அதன் அருமை தெரியும். ஊர்க் குளத்துக்கு வரும் வரத்து வாய்க்கால் அடைந்து கிடந்தால் ஊரக வேலைத் திட்டத்தில் அதையும் எடுங்கள், கிணறும் போரும் குளத்தோடு சேர்ந்து ஊறும். அக்கம்பக்கத்து நாலைந்து குக்கிராமங்கள் சேர்ந்து ஒரு உதிரி மோட்டாரை ஊராட்சி ஒன்றியத்தில் வாங்கி வைக்கச் சொல்லலாம். கோடையில் ஊர்கள் தவிப்பதில் பெரும்பகுதி, எரிந்த மோட்டார் காயல் கட்டி வரும்வரை காத்திருக்கும் நாட்கள்தான்.

கடைசித் தெரு. இதை நான் குழாய்ப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. டேங்குக்குப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, கசிவுள்ள இடத்தில் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். அதனால் உறிஞ்சுகிறவர் வீட்டுக்கும் அது கெடுதல் என்று சொல்லி எடுக்க வையுங்கள். பிறகு தெருவுக்கு ஒரு கேட் வால்வு. ஒரே நேரத்தில் ஊர் முழுக்கத் திறக்காமல் முறை வைத்து விடுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது, அழுத்தம் அதிகமாக இருக்கும்போது, முதல் முறை ஆதிதிராவிடர் தெருவுக்கு. மற்ற வால்வெல்லாம் மூடியிருந்தால் தண்ணீர் அங்கே ஏறும். அப்போதும் ஏறாவிட்டால் குழாய் அளவு சிறியது அல்லது எங்கோ அடைப்பு, அதை உதவிப் பொறியாளர் பார்க்க வேண்டும். குளோரின் சோதனையையும் அந்தத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில்தான் செய்ய வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் ஊர் முழுக்க இருக்கிறது என்று அர்த்தம். முறை வைக்கும் பட்டியலை அந்தத் தெருப் பெண்கள் இருவர் கையெழுத்துப் போட்டு மோட்டார் ரூமில் ஒட்டட்டும்.

இவ்வளவுக்கும் உங்களிடம் ஒரு நீளமான நோட்டு இருக்க வேண்டும். தேதி, காலையில் மோட்டார் போடும் முன் தண்ணீர் மட்டம், எத்தனை நிமிடத்தில் காற்று இழுத்தது, எத்தனை சுற்று ஓடியது, காவிரி வந்த தேதியும் மீட்டர் எண்ணும், லாரி வந்த இரவுகள், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறந்தது. ஆபரேட்டர் எழுதட்டும், வாரம் ஒருமுறை குழுவில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வட்டாட்சியர், மின்வாரியம், தேவைப்பட்டால் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், எங்கே போனாலும் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த நோட்டும் அந்தப் பத்திரமும்தான்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை வருகிறது. வாரிசுகளிடம் பேச இப்போதே கிளம்பினால் அதற்குள் சம்மதக் கடிதமாவது வாங்கிவிடலாம். அன்றைக்கு மூன்று தீர்மானம் போதும்: போர் இடத்தை ஊராட்சி பெயருக்கு எழுதி வாங்குவது, டைமரும் மீட்டரும் பொருத்துவது, பொதுக்கிணற்றைத் தூர் வாருவது. லாரி விஷயத்தை அந்தக் கூட்டத்தில் எடுக்காதீர்கள், அளவு கைக்கு வந்த பிறகு எடுக்கலாம். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால், தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை முடிந்ததும் நோட்டின் இரண்டு மாதப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு, புதிதாக ஒரு போர் உண்மையிலேயே வேண்டுமா, வேண்டுமென்றால் குளத்துக்கு எந்தப் பக்கம் போடலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.